சுபாங் விமான நிலையம்: தேய்வும் மீட்சியும்

மனிதர்க்குப் போலவே ஊர்களுக்கும் துறைகளுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் தேய்வும் உண்டு. ஆனால் மனிதர்க்கு இல்லாத ஒரு பேறு அவற்றிற்கு உண்டு. இறந்தன என்று எல்லோராலும் கைவிடப்பட்டவை மீண்டும் எழுந்து நடமாடுதலே அப்பேறாகும். அம்பாங் வாழ் தமிழர்க்கு இவ்வுண்மையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் ராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனத் தொழிலாளருள், காட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி ஒரு மாத முடிவில் எஞ்சியவர் 18 பேரே என்பர். அம்பாங்கின் ஈயத்தினின்றே கோலாலம்பூர் என்னும் மாநகரம் முளைத்தது. பின்னர் ஈயம் தீர்ந்தது, சுரங்கங்கள் குளங்களாயின, ஊரோ அழியவில்லை. பழைய அம்பாங் இரயில் பாதையின் தடத்தைப் பற்றியே 1996-இல் நகர இரயில் ஓடத் தொடங்கிற்று. தடம் கிடந்தமையால் ஓட்டம் மீண்டது. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய விமான நிலையமாகிய சுபாங்கின் வரலாற்றை ஆராய்வோமாக.

சுபாங்கிற்கு முன்னர்க் கோலாலம்பூரின் விமானத்தளமாய் விளங்கியது சுங்கை பெசி. அதுவும் ஈயம் விளைந்த மண்ணே. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கினின்று இறங்கி வந்தபோது பிரிட்டிஷ் விமானங்கள் அங்கிருந்து எழுந்து போரிட்டன. நாடு விடுதலை பெற்றபின், நம் விமானப் படையின் முதல் விமானம் 1958 ஏப்ரலில் வந்திறங்கியதும் அங்கேதான். ஆயினும் ஜெட் விமானங்களின் காலம் பிறந்தபோது, அவற்றின் வேகத்திற்கும் பளுவிற்கும் ஏற்ற நீண்ட ஓடுபாதை தேவையாயிற்று. நகரத்திற்கு மேற்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சுபாங்கைச் சர்க்கார் தேர்ந்தெடுத்தனர்.

1965 ஆகஸ்டு 30-ஆம் நாள், பேரரசரின் கையால், சுபாங் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பெற்றது. அதன் ஓடுபாதை தென்கிழக்காசியாவிலேயே நீண்டதென அந்நாளில் பெயர் பெற்றது. இப்போது அதன் நீளம் 3,780 மீட்டர். கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வரைந்த முதல் முனையக் கட்டடம், காளான் குடைகளை வரிசையாக நட்டாற்போன்ற சிமிட்டித் தூண்களால் கண்டோரைக் கவர்ந்தது. புதிதாய் விடுதலை பெற்றதொரு நாடு, தன்னை நாடி வரும் விருந்தினர்க்குத் திறந்துவைத்த தலைவாயில் அது.

தமிழர்க்கோ அது வேறொரு வாயிலுமாயிற்று. நம் முன்னோர் இந்நாட்டிற்குக் கடல் வழியே வந்தோர். 'ரஜூலா' முதலிய கப்பல்கள் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைத்திருந்த காலத்தில், தாய்நாடு என்பது பல நாட் கடற்பயணத்திற்கு அப்பாலிருந்தது. பின்னர் 1970-களில் 'சிதம்பரம்' என்னும் கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் அதன் பயணிகள் ஓட்டமும் முடிவுற்றது. அதன்பின் சென்னைக்குச் செல்ல வேண்டிய கிள்ளான் தமிழனுக்கும் பிரிக்பீல்ட்ஸ் தமிழனுக்கும் சுபாங்கே வழியாயிற்று. பல நாட்கள் சில மணி நேரமாய்ச் சுருங்கின. வழியனுப்ப வந்தோர் நின்று கையசைக்கும் மாடம் ஒன்று அங்கிருந்தது. அம்மாடத்தில் நின்று அழுதோர் எத்தனை பேர், சிரித்தோர் எத்தனை பேர் என எந்தக் கணக்கேடும் கூறாது.

நாடு வளர்ந்தது, பயணிகளும் பெருகினர். 1990-களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் சுபாங்கைக் கடந்து சென்றனர். இடம் போதாமையால், தெற்கே 50 கிலோமீட்டர் அளவில் உள்ள சிப்பாங்கில், 10,000 ஹெக்டேர் பரப்பில் புதிய நிலையம் ஒன்று எழுந்தது. 1998 ஜூன் இறுதியில் பயணிகள் விமானங்கள் அங்குக் குடிபெயர்ந்தன. உலகெங்கும் விமானச் சீட்டில் கோலாலம்பூரைக் குறிக்கும் 'கே.யூ.எல்.' என்ற மூன்றெழுத்துங்கூடச் சிப்பாங்கிற்குச் சென்றது. சுபாங்கிற்கு வேறெழுத்துகள் அளிக்கப்பட்டன. பெயரையும் இழத்தல் என்பது இதுவன்றோ? 2003-இல் காளான் தூண்களையுடைய அம்முதற் கட்டடமும் இடித்துத் தள்ளப்பட்டது. குறைந்த கட்டண விமானங்களுக்கெனத் தனி முனையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதும், 2006-இல் அது சிப்பாங்கிலேயே அமைக்கப்பட்டது. சுபாங் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. பயணிகள் போயினர், தொழில் போகவில்லை. 1980-கள் தொட்டே 'ஏரோட்' என்னும் நிறுவனம் அங்கு ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களைப் பழுது பார்த்து வந்தது. விமானப் படையின் தளமும், விமான இயந்திரங்களைப் பிரித்துக் கோக்கும் பட்டறைகளும், ஹெலிகாப்டர்க் கொட்டகைகளும் நிலைத்து நின்றன. 2009-இல் ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகளுக்கான பாகங்களைச் செய்யும் தொழிற்சாலையும் அங்குத் திறக்கப்பட்டது. ஒரு விமானம் குறித்த மணிக்கணக்குப் பறந்தபின் அதனை நிறுத்தி, உறுப்புறுப்பாய்ச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, உரிமம் பெற்ற பொறியாளன் கையெழுத்திட்டாலன்றி அது மீண்டும் பறக்கலாகாது. அக்கையெழுத்திற்குள்ள மதிப்பு, பயணிகள் கூட்டம் குறைந்தாலும் குறைவதில்லை. ஓடுபாதை கிடந்தது, கைத்திறன் இருந்தது. எனவே உயிர் இருந்தது.

2007-இல் 'பயர்பிளை' என்னும் கம்பெனி தன் சுழல்விசிறி விமானங்களுடன் சுபாங்கிற்கு வந்தது. எழுபது பேர் அளவில் ஏற்றிச் செல்லும் இவ்வகை விமானம், குறுகிய தூரத்திற்கு ஜெட் விமானத்தைவிடக் குறைந்த எண்ணெயில் ஓடும். சிற்றூர்களின் சிறிய ஓடுபாதையிலும் இறங்கும். பினாங்கிற்கோ கோத்தாபாருவுக்கோ ஒரு மணி நேரம் பறப்பதற்காகச் சிப்பாங் வரை சாலையில் ஒரு மணி நேரம் செல்லுதல் வீண் என்று கண்டோர் சுபாங்கை நாடினர். மூன்றாம் முனையம் புதுப்பிக்கப்பட்டு, 2009-இல் 'ஸ்கைபார்க்' என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. மாநகரத்திற்கு ஒரு பெருவாயிலும் ஒரு சிறு வாயிலும் வேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

மீட்சியின் பாதை எங்கும் மலர் தூவியதன்று. 2018 மே மாதத்தில் கோலாலம்பூர் சென்ட்ரலினின்று சுபாங்கிற்கு இரயில் தொடங்கப்பட்டது. ஏறுவோர் குறைந்தமையால் 2023 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. அதே 2023-இல் சர்க்கார் சுபாங் மறுமலர்ச்சித் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தனர். ஆண்டுக்கு 15 இலட்சம் பயணிகளுக்கான இடத்தை 2030-க்குள் 80 இலட்சம் பயணிகளுக்கு ஏற்றதாய் விரிப்பதும், விமானப் பழுதுபார்ப்புத் தொழிலைப் பெருக்குவதும் அதன் நோக்கங்கள். 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் விமானங்கள் சுபாங்கில் மீண்டும் ஓடத் தொடங்கின. 2025-இலோ சில கம்பெனிகள் தம் ஜெட் ஓட்டங்களைச் சிப்பாங்கிற்கே திருப்பிக் கொண்டன. வருவதும் போவதும் பயணிகளின் இயல்பு. அவர்களை மட்டும் நம்பி நிற்கும் நிலையம் காற்றடிக்கும் திசையெல்லாம் ஆடும்.

ஊர் நடுவே விமான நிலையம் இருத்தலில் தீங்கும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1977 செப்டம்பர் 27-ஆம் நாள், சுபாங்கில் இறங்க வந்த ஜப்பானிய விமானம் ஒன்று எல்மினா ரப்பர்த் தோட்டத்துக் குன்றில் மோதி 34 பேர் உயிரிழந்தனர். அத்தோட்டம் பின்னாளில் நகரமாயிற்று. 2023 ஆகஸ்டு 17-ஆம் நாள் அதே எல்மினாவில் சிறு விமானம் ஒன்று நெடுஞ்சாலையில் வீழ்ந்து, அதிலிருந்த 8 பேரும் சாலையிற் சென்ற இருவரும் மாண்டனர். வீடுகள் நெருங்க நெருங்கக் காவலும் நெருங்க வேண்டும். மறுமலர்ச்சி பேசுவோர் இதனை முதற்கண் பேசுவாராக.

இனி நம் மக்களுக்கு இவ்வரலாறு கூறுவது யாது? சிப்பாங்கின் புதிய நிலையம் எழுந்தபோது தெமுவான் பழங்குடியினர் தம் ஊரினின்று பெயர்க்கப்பட்டனர். அந்நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காகத் தம் நிலத்தை இழந்த தெமுவான் மக்கள் நீதிமன்றம் ஏறி, 2002-இல் தம் உரிமையை நிலைநாட்டினர். அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், புத்ரா ஜெயா என்னும் புதிய நகருக்காகப் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறி, டெங்கிலில் அடுக்கு வீடுகளிற் குடியமர்ந்தன. தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டிய கைகளுக்கு அந்நிலத்தில் ஓரடி மண்ணும் சொந்தமாயில்லை. மண் போனபோது லயமும் போயிற்று. லயம் போனபோது அறிந்திருந்த ஒரே தொழிலும் போயிற்று.

சுபாங்கை இத்தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பத்தாண்டில் அடிபட்டவை. சுபாங்கிற்கு நிலமும் எஞ்சியது, கைத்திறனும் எஞ்சியது. ஆகவே அது எழுந்தது. நம்மவர்க்கு நிலம் எஞ்சவில்லை. கைத்திறனையேனும் நாம் தேடிக்கொள்ள வேண்டாவா? அன்று பால்வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் அம்பாங்கிலும் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுக்குக் கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும் திருத்தமாய்க் கற்பித்தால், விமானக் கொட்டகையின் கதவு அவர்களுக்கும் திறக்கும். படித்த பிள்ளை சட்டையில் எண்ணெய்க்கறை படிய வேலை செய்வதை இழிவெனக் கருதும் பெற்றோர் நம்மில் இன்றும் உளர். வானத்தில் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அந்த எண்ணெய்க் கையை நம்பிப் பறக்கிறது என்பதை அவர்கள் உணர்வாராக.

சர்க்காருக்கும் நாம் ஒன்று கூறுவோம். 80 இலட்சம் பயணிகளைப் பற்றிய கணக்கு வந்துவிட்டது. அப்பட்டறைகளில் வேலை பழகப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கும் வரட்டும். அதனைக் கேட்பது நம் சங்கங்களின் கடமை. கேட்கும் தகுதியோடு பிள்ளைகளை வளர்ப்பது நம் வீடுகளின் கடமை.