உயர் பகு எண்கள்: இராமானுஜன் ஆய்வின் அச்சேறாத பகுதி

சீனிவாச இராமானுஜன் (1887–1920) தம் குழந்தைப் பருவத்தில் சில காலம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தார். அங்கு நீதிமன்றப் பணியிலிருந்த தாய்வழிப் பாட்டனார் வேலையிழக்கவே, தாயுடன் கும்பகோணம் திரும்பினார். பின்னாளில், 1915இல், இலண்டன் கணிதக் கழக இதழில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை உயர் பகு எண்களைப் பற்றியது.

தன்னினும் சிறிய எந்த எண்ணைவிடவும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என இத்தொடர் முடிவின்றி நீளும். 12க்கு 6 வகுத்திகள் உண்டு; அதற்கு முந்தைய எவ்வெண்ணுக்கும் நான்கிற்கு மேல் இல்லை. இடைவெளிகள் சீரற்றுத் தோன்றினும் அமைப்பில் ஒழுங்குண்டு என்பதை இராமானுஜன் நிறுவினார். இவ்வெண்களின் பகாக் காரணிகள் 2 முதல் இடைவிடாது தொடரும். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறுவதில்லை. 4, 36 ஆகியன நீங்கலாக இறுதிக் காரணியின் அடுக்கு 1 ஆகும்.

கழகத்தின் நிதி நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோர் அதனைப் பதிப்பித்து 1997இல் வெளியிட்டனர். ரீமான் கருதுகோளை மெய்யெனக் கொண்டு, வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு இராமானுஜன் அதில் மேல்வரம்பு கண்டிருந்தார். 5040ஐவிடப் பெரிய எல்லா எண்களுக்கும் அத்தொகை ஒரு குறித்த வரம்பைக் கடவாதிருப்பதும் ரீமான் கருதுகோளும் நிகரானவை என 1984இல் ரோபன் நிறுவினார். அந்த 5040உம் ஓர் உயர் பகு எண்ணே.

ஆகவே, அச்சேறிய பகுதியை மட்டும் கொண்டு இவ்வாய்வை வகுத்திகளின் எண்ணிக்கை பற்றியதென வரையறுப்பது பொருந்தாது. விடுபட்ட பகுதியையும் சேர்த்து நோக்கும்போதே, ரீமான் கருதுகோள் வரலாற்றில் இத்தொடருக்குரிய இடம் புலனாகிறது.