ஹெய்ம்டாலை அப்டேட் செய்யாமல் போனை ஃபிளாஷ் செய்யலாமா?

பாலகாட்டிலிருந்து கிளம்பி, மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூரு போய் வேலை பார்க்கிறவருக்கு போன்தான் பர்ஸ், அதுதான் ஆபீஸ். அந்த பழைய சாம்சங் கேலக்ஸிக்கு கம்பெனி அப்டேட் நின்றுபோனால் லீனியேஜ் ஓஎஸ் போடலாம். அதற்குப் பலரும் நாடும் ஓப்பன் சோர்ஸ் கருவி ஹெய்ம்டால்.

சாம்சங்கின் ஓடின் விண்டோஸுக்கானது. ஹெய்ம்டால் லினக்ஸ், மேக்கிலும் ஓடும். ஆனால் சாம்சங் போனின் டவுன்லோட் மோடு பேசும் மொழியை வெளியாட்கள் ஆராய்ந்து கண்டுபிடித்து எழுதியது இது. போன் மாறினால் அந்த மொழியும் கொஞ்சம் மாறும். பழைய 1.4 வரிசைப் பதிப்பு சில புது மாடல்களில் 'புரோட்டோகால் இனிஷியலைசேஷன் ஃபெயில்டு' என்று நின்றுவிடும். இதில் பயமில்லை, போனில் எதுவும் எழுதப்படவில்லை. எழுதும்போது பாதியில் அறுந்தால்தான் வம்பு.

அதனால் முதலில் 'ஹெய்ம்டால் வெர்ஷன்' கமாண்ட் கொடுத்து எந்தப் பதிப்பு என்று பாருங்க. பழசு என்றால், திருத்தங்கள் சேர்ந்த புதிய மூலநிரலை எடுத்து பில்ட் செய்யலாம். விண்டோஸில் ஜாடிக் மூலம் யூஎஸ்பி டிரைவரையும் மாற்ற வேண்டும். அடுத்து 'பிரின்ட்-பிட்': இது போனின் பார்ட்டிஷன் பட்டியலைப் படிக்க மட்டுமே செய்யும். பட்டியல் முழுசா வந்தால் கருவியும் போனும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம்.

பூட்லோடரைத் திறந்தாலே டேட்டா அழியும், போட்டோக்களை முன்பே எடுத்து வைங்க. நாக்ஸ் எண்ணிக்கை ஒருமுறை மாறினால் திரும்பாது. செக்யூர் ஃபோல்டரும் போய்விடும்.