பிளாண்டர்ஸ் மயானங்கள்: யாருக்குக் கல், யாருக்குப் பெயர்?

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றியுள்ள முதலாம் உலகயுத்த மயானங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். பாரிசிலிருந்தோ கொலோனிலிருந்தோ காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பும் எம்மவர்க்கும் இது எட்டாத தூரமல்ல. ஆனால் இவற்றைச் சோகத்தின் இடங்களாக மட்டும் பார்ப்பது போதாது. இவை அரசுகளும் தேசியங்களும் எழுதிய வரலாற்றுப் பிரதிகள். யாருக்குக் கல், யாருக்குப் பெயர், யாருக்கு இரண்டுமில்லை என்பதை இவற்றில் வாசிக்கலாம்.

1917இல் உருவான பிரித்தானிய ஏகாதிபத்திய யுத்தக் கல்லறை ஆணைக்குழு இரண்டு விடயங்களில் உறுதியாக நின்றது. உடல்கள் ஊருக்கு அனுப்பப்படமாட்டா. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரேயளவான கல். பிள்ளையின் உடலைத் திருப்பித் தரும்படி கேட்ட குடும்பங்கள் தோற்றன. ரைன் கொற் மயானத்தில் ஏறக்குறைய 12,000 கல்லறைகள். 8,300க்கு மேற்பட்டவற்றில் பெயரில்லை. உடல் அகப்படாத 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் உள்ளன. அங்கும் இடம் போதாமல் மேலும் ஏறக்குறைய 35,000 பெயர்கள் ரைன் கொற்றின் மதிலுக்குப் போயின.

இந்தச் சமத்துவத்துக்கு ஒரு எல்லை இருந்தது. 1914 ஒக்டோபரிலேயே ஈப்பர் களத்தில் இறக்கப்பட்ட இந்தியப் படையினருக்கு மெனின் வாயிலில் பெயருண்டு. பிரான்சின் நெவ் சப்பேலில் 4,700க்கு மேற்பட்ட பெயர்களுடன் தனி நினைவுச்சின்னமும் உண்டு. ஆனால் கிழக்கு ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இறந்த குடியேற்ற நாட்டவரின் கதை வேறு. குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரின்றியோ முற்றாகவோ விடப்பட்டதை அதே ஆணைக்குழுவின் 2021ம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. கல்லின் சமத்துவம் ஐரோப்பியக் கண்களுக்கு முன்னால்தான் செல்லுபடியாகியது.

தோற்றவர்களின் மயானங்கள் வேறுவிதமானவை. பெல்ஜியத்தில் சிதறிக்கிடந்த யேர்மன் கல்லறைகள் 1950களில் பெரும்பாலும் நான்கு மயானங்களுக்குள் அடக்கப்பட்டன. லாங்கமார்க்கில் 44,000க்கு மேற்பட்டோர். அவர்களில் ஏறக்குறைய 25,000 பேர் ஒரே குழியில். விளாட்ஸ்லோவில் நிலத்தோடு படிந்த ஒவ்வொரு கல்லிலும் இருபது பெயர்கள். அங்குதான் கேத்தே கொல்விற்ஸ் உருவாக்கிய, முழந்தாளிட்ட தாயும் தந்தையும் இருக்கிறார்கள். 18 வயது மகன் பீற்றர் தொண்டனாகச் சேரத் தகப்பனின் சம்மதம் வேண்டியிருந்தது. மறுத்த கணவரை இணங்கவைத்தவர் கேத்தேதான். 1914 ஒக்டோபரில் பீற்றர் இறந்தான். முதலில் இறந்த மகனையும் சேர்த்தே செதுக்கத் திட்டமிட்டவர், 1932இல் சிலையை நிறுவியபோது பெற்றோரை மட்டுமே வைத்தார். அங்கு வீரம் இல்லை. பிள்ளையை யுத்தத்துக்குக் கொடுத்தவர்களின் பொறுப்பைப் பேசும் நினைவுச்சின்னங்கள் மிக அரிது.

எமக்கு மிக நெருக்கமான பாடம் டிக்ஸ்மவுட நகரில் உள்ளது. பெல்ஜிய இராணுவத்தின் அதிகாரிகள் பேசிய மொழி பிரெஞ்சு. சிப்பாய்களில் பெரும்பான்மையோர் பிளெமிஷ் மொழியினர். தம்மவரின் கல்லறைகளில் அவர்கள் தம் மொழிச் சுலோகத்துடன் தனிக் கற்களை நட்டார்கள். 1925இல் அடின்கெர்க மயானத்தில் அவற்றில் நூற்றுக்கணக்கான கற்கள் உடைக்கப்பட்டு வீதிக்குக் கொட்டப்பட்டன. 1930இல் டிக்ஸ்மவுடவில் பிளெமிஷ் கோபுரம் எழுந்தது. மொழிக்கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அத்தேசியத்தின் ஒரு பகுதி இரண்டாம் உலகயுத்தத்தில் நாஸிகளோடு ஒத்துழைத்தது. 1946இல் கோபுரம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1965இல் 84 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் நிறைவுற்றது. இனி யுத்தம் வேண்டாம் என்று நான்கு மொழிகளில் எழுதப்பட்ட அக்கோபுரத்தை நோக்கிய வருடாந்த யாத்திரைக்குப் பிற்காலத்தில் ஐரோப்பாவின் நவநாஸிகளும் வந்து சேர்ந்தார்கள். உடைக்கப்பட்ட கல் ஒரு அநீதியை நிரூபிக்கிறது. அதன்மேல் எழும் அரசியல் முழுவதையும் அது நியாயப்படுத்திவிடாது.

கோப்பாய் துயிலும் இல்லம் இடிக்கப்பட்ட இடத்தில் 2011இல் இலங்கை இராணுவத்தின் 51வது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. பெற்றோர் அழுவதற்கு ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்காத இச்செயலைக் கண்டிக்க எவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் கேள்வி அத்தோடு முடிவதில்லை. தப்பியோடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகத் தன் இராணுவத்தாலேயே சுடப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியா 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. எனினும் அவர்களது கற்கள் அதற்கு வெகுமுன்பே மற்றவர்களின் கற்களோடு ஒரே வரிசையில் நின்றன. எமது துயிலும் இல்லங்கள் நின்ற காலத்தில், 'துரோகி' என்று எமது இயக்கங்களே கொன்றவர்களுக்கு அங்கு இடமிருந்ததா? ஷெல்லடியில் செத்த சாதாரண சனத்துக்கு இருந்ததா?

ஈப்பரில் உள்ள அருங்காட்சியகம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அந்த யுத்தத்தில் பெல்ஜிய மண்ணில் இறந்த ஏறக்குறைய 6 இலட்சம் பேரையும் நாடு, சீருடை பாராது, பொதுமக்களையும் சேர்த்து ஒரே பட்டியலில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குக் கல்லோ காணியோ தேவைப்படவில்லை. எந்த இராணுவத்தாலும் அதை இடிக்கவும் முடியாது. அப்படியொரு பட்டியலைப் புலம்பெயர்ந்த நாமும் தொடங்கலாம். அதில் எந்தப் பெயரைச் சேர்க்க நாம் முதலில் மறுப்போம் என்பதிலிருந்து விவாதம் ஆரம்பிக்கட்டும்.