ஜீனாக்கமும் புறத்தோற்றமும்

பெற்றோரிடமிருந்து ஓர் உயிருக்கு வந்து சேர்ந்த ஜீன் வடிவங்களின் சேர்க்கை ஜீனாக்கம். ஜீனோடைப் என்றும் சொல்வர். அந்த ஜீன்களும் சூழலும் சேர்ந்து உடலில் வெளிப்படுத்தும் பண்பு புறத்தோற்றம், அதாவது பீனோடைப். இரண்டையும் பிரித்துப் பெயரிட்டவர் டென்மார்க் தாவரவியலர் வில்ஹெல்ம் யோஹான்சன் (1909). நிறம், உயரம் மட்டுமல்ல, இரத்த வகையும் கல்லீரல் நொதியின் வேகமும்கூடப் புறத்தோற்றத்தில் அடங்கும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் ஆய்வு ஒன்று புதுச்சேரியிலேயே நடந்தது. கோரிமேட்டில் இருக்கிறது ஜிப்மர் மருத்துவமனை. அங்கே மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் குழுவினர் 2000-களில் தென்னிந்தியரிடம் சிஒய்பி2சி19 என்ற நொதியை ஆராய்ந்தனர். வயிற்று எரிச்சலுக்குப் பலரும் விழுங்கும் ஒமிப்ரசோலைப் பெருமளவு சிதைப்பது இந்த நொதிதான்.

ஜீனாக்கத்தை அறிய இரத்தத்தின் வெள்ளையணுக்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, உரிய பகுதியைப் பிசிஆர் முறையில் பெருக்கி, ஸ்மா1 என்னும் வெட்டு நொதியைச் சேர்ப்பார்கள். இயல்பான ஜீன் இரண்டு துண்டாகும். 681-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறிய ‘2’ வடிவம் வெட்டுப்படாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இயல்பான வடிவத்தையும் மற்றவரிடமிருந்து ‘2’ வடிவத்தையும் பெற்றவருக்கு ஜெல்லில் மூன்று பட்டைகள் தெரியும். புறத்தோற்றத்தை அறியும் வழி வேறு: ஒமிப்ரசோல் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, மருந்தும் அதன் சிதைபொருளும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளப்பார்கள்.

தெற்காசியரிடம் உள்ள இந்த நொதிக்கான ஜீன் பிரதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று செயலற்ற இந்த ‘2’ வடிவம். இதய நோயாளிகளுக்குத் தரும் குளோப்பிடோகிரல் உடலுக்குள் வேலை செய்யும் நிலைக்கு மாற இதே நொதி வேண்டும். இரண்டு பிரதியும் செயலற்றவர்களிடம் அம்மருந்தின் பலன் குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்தது.

ஜீனாக்கம் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய மாறாதது; புறத்தோற்றம் அப்படியல்ல. இரண்டு நல்ல பிரதிகள் உள்ளவரும் பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல் எடுக்கும் நாட்களில் நொதி தடைபட்டு, மெதுவாகச் சிதைப்பவராகிவிடலாம். ஒமிப்ரசோலே ஓரளவு இந்த நொதியைத் தடுக்கும். அதனால்தான் குளோப்பிடோகிரலுடன் அதைச் சேர்த்துத் தர வேண்டாம் என்கிறார்கள். மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ‘மெதுவாகச் சிதைப்பவர்’ என்று அச்சாவது பெரும்பாலும் அளந்து பார்த்த புறத்தோற்றம் அல்ல, ஜீனாக்கத்தைக் கொண்டு கணித்தது. நோயாளி அப்போது விழுங்கிவரும் மற்ற மாத்திரைகள் அந்தக் கணிப்பில் சேர்வதில்லை. அவற்றை மருத்துவரே கேட்டறிய வேண்டியிருக்கிறது.