குவாரிஸ்மின் பழங்கள்

பேரறிஞர் அல்பிரூனீ பிறந்த குவாரிஸ்ம், அமூ நதியின் கீழ்ப்படுகை நாடு. கடும் வெயிலும் வறண்ட காற்றும் அங்கு விளைந்த ‘பித்தீக்’ பழத்துக்குத் தனி இனிமை தந்தன. (இவ்வரபுச் சொல் முலாம்பழம், தர்ப்பூசணி இரண்டையும் குறிக்கும்.) அப்பாசியக் கலீபாக்கள் மஃமூன் (813–833), வாதிக் (842–847) ஆகியோரின் அவைக்கு அப்பழங்கள் ஈயப் பெட்டிகளில் பனியிட்டு அனுப்பப்பட்டன என்றும், கெடாமல் வந்து சேர்ந்த பழம் ஒன்று 700 திர்ஹம் பெற்றது என்றும் தஆலிபீ (மறைவு 1038) எழுதுகிறார். அரசர்க்கன்றி யார்க்கு இது இயலும்!

14-ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா கண்டது எளியோர் வழி. பழத்தைக் கீற்றுகளாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, கூடைகளில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினர். தில்லியில் வாழ்ந்த நாளில், பயணிகள் வந்திறங்கியதும் ஆளனுப்பி அதனை வாங்குவித்தார் அவர்.

பனியும் வெயிலும் சுவையைக் காத்தனவேயன்றி ஊட்டவில்லை என்பதை நாம் கருத வேண்டும். வாழைக்காய் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருப்பதால் பறித்த பின்னும் இனிப்பேறும். பித்தீக்குக்கு அச்சேமிப்பு இல்லை. கொடியினின்று அறுத்த அன்று இருந்த சர்க்கரையே அதன் முதல். பின்னர் முலாம்பழத்தில் மணம் கூடலாம், தோல் மஞ்சளாகலாம், இனிமை கூடாது. நெடுவழி தாங்கவேண்டி முதிருமுன் பறித்துக் குளிரூட்டி ஏற்றும் பழம், கடையில் நம் கண்ணுக்கு நிறைவாகத் தோன்றியும் நாவில் வெறும் நீராவது இதனாலேயே.