மயிலிட்டித் துறையும் தலைமைப் பயிற்சியும்

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பிறரை நடத்தும் முகாமையாளருக்குத் தலைமைப் பயிற்சி அளித்தல் இருபதாம் நூற்றாண்டிற் பெருவழக்காயிற்று. ஆயினும், மூத்தோன் ஒருவன் இளையோனைத் தன் பக்கத்தில் வைத்துத் தலைவனாக்கும் முறை மிகப் பழையது. குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்த மயிலிட்டி அம்முறைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வள்ளமும் வலையும் உடைய சம்மாட்டி, வெறும் முதலாளியல்லன். முன்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பவனும், பிடிபட்ட மீனின் வருவாயைப் பங்கிடுபவனும், கரையிற் பிணக்குத் தீர்ப்பவனும் அவனே. கடலிலோ ஆணை படகோட்டியினுடையது. அவ்விடம் பிறப்பினால் மட்டும் ஒருவனுக்கு வாய்ப்பதன்று. சிறுவனாய் ஏறியவன் முதலில் தண்ணீர் இறைப்பான், வலை பொத்துவான், பின்னர்த் துடுப்பும் பாயும் அவன் கைக்கு வரும், சுக்கான் இறுதியிலேதான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் காற்றுகளின் குணத்தையும், நீரோட்டத்தின் திசையையும் அவன் ஏட்டிற் கற்றானல்லன். கரையிலுள்ள கோபுரத்தையும் தனித்து நிற்கும் பனையையும் ஒரு நேராக்கிப் பார்த்து, கடலடியிலுள்ள பார் இருக்குமிடத்தை அறிவதும் மூத்தோன் காட்டக் கண்டதே. பங்கு முறையில் ஓட்டியின் பிழை அன்று காலையே அனைவர் பங்கிலும் தெரிந்துவிடும். ஆகவே அவனுடைய தலைமை நாள்தோறும் கணக்குக் கேட்கப்பட்டது. இத்தகைய சோதனை இக்கால முகாமையாளர் பலர்க்கு வாய்ப்பதில்லை.

இதே கரையின் கிழக்கே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அன்னபூரணி, 1938 இல் அவ்வூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. தண்டையல் எனப்படும் கப்பல் தலைவரை உருவாக்கியதும் இத்தகைய பழக்கமே.

1950களின் இறுதியில் இருபத்தெட்டு அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் இலங்கையில் அறிமுகமாயின. மயிலிட்டி அவற்றின் பெருந்துறைகளுள் ஒன்றாயிற்று. தலைமையின் இயல்பும் அதனால் மாறிற்று. இயந்திரம் பழுதாயின் திருத்தவும், தவணைக் கடனைச் செலுத்தவும், கூட்டுறவுச் சங்கத்திற் கணக்குப் பேசவும் வல்லவனே முன்னிற்க வேண்டியதாயிற்று. எழுத்தறிந்த இளையோனிடம் மூத்தோன் கற்கும் நிலையும் உண்டாயிற்று போலும்.

ஏறத்தாழ அக்காலத்துக்குச் சற்று முன்னரே, பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களின் கல்விப் பொறுப்பாளராயிருந்த றெஜினோல்ட் றெவன்ஸ், சுரங்க முகாமையாளர் விரிவுரை மண்டபத்திலன்றித் தத்தம் சுரங்கத்தின் இடர்களை ஒருவரோடொருவர் ஆராய்ந்தே தேர்ச்சி பெறுவர் என வற்புறுத்தினார். அவர் கோட்பாடாக வகுத்ததை மயிலிட்டியார் பெயரிடாமலே கைக்கொண்டிருந்தனர். ஆனால் அம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: கற்போனும் கற்பிப்போனும் தொழிலிடமும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

1990 யூன் மாதத்தில் அந்த ஒருமை குலைந்தது. போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர, மயிலிட்டி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. மக்கள் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தனர். சிலர் பருத்தித்துறை முதலிய பிற துறைகளிற் கூலிக்குக் கடலேறினர். தொழில் ஓரளவு நிலைத்தது. ஆயின் பிறர் கரையிலே பிறர் படகிலே சுக்கானை மகனிடம் கொடுத்துப் பார்க்கும் உரிமை தந்தைக்கு இருந்ததில்லை.

2017 யூலையிற் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது வீடுகளும் கோயில்களும் பெரும்பாலும் இடிந்து கிடந்தன. கடலிலிருந்து நேர்பார்த்த பழைய அடையாளங்கள் பலவும் அவற்றோடு மறைந்தன. துறைமுகம் பின்னர்ப் புனரமைக்கப்பட்டது. 1990 இற் பத்து வயதுச் சிறுவனாய் வெளியேறியவனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. பிறர்க்குக் கற்பிக்கவேண்டிய பருவத்தில் அவன் தன் ஊர்ப் பார்களைத் தானே தேடவேண்டியவனாயினான். காட்டித் தரக்கூடிய மூத்தோருட் பலர் இடம்பெயர்ந்த இடங்களிலேயே காலமாகிவிட்டனர்.