சிறகு சாய்ந்த கதை

பிறந்தபோது 'பட்சம்' என்ற சொல்லுக்கு வம்பு வழக்கு எதுவும் தெரியாது. வடமொழியில் 'பக்ஷ' என்றால் சிறகு, சிறகுள்ளது பட்சி. சிறகு இரண்டு என்பதால் 'பக்கம்' என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது. நிலா வளர்ந்த 15 திதி ஒரு பட்சம், தேய்ந்த 15 மறு பட்சம் என்று மாதத்துக்கும் இரண்டு சிறகு முளைத்தது. அதுவரை எந்தச் சிறகும் யார் பக்கமும் சாயவில்லை.

அப்புறம்தான் அது தர்க்கத்துக்குள் நுழைந்தது. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை சொல்லிக்கொடுத்தபோது, நிறுவ வேண்டிய கருத்துக்குப் 'பக்கம்' என்றே பெயர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்தார். மாற்றார் கட்சி, தன் கட்சி. கட்சி வந்த பிறகு சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் வந்தது சண்டையல்ல, பாசம்! நம் பக்கம் நிற்பவர்மேல் பிரியம் வருவது இயல்புதானே. 'பட்சம்' என்றாலே அன்பு என்றானது. பிரியமானவர் 'பட்சமுள்ளவர்' ஆனார். அந்த நல்ல பெயருக்கு ஒரு வால் வந்து சேர்ந்தது.

வால், 'பாதம்'. காலடி அல்ல, விழுதல். ஒரு பக்கமாக விழுவது பட்சபாதம். தேவனிடத்தில் அது கிடையாது என்று ரோமர் நிருபத்தின் தமிழாக்கம் அடித்துச் சொன்னது. அறந்தாங்கிக்குப் பக்கத்து ஆவுடையார்கோயிலில் அதை ஒப்புவார்களா என்பது சந்தேகம். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தை அங்கே கோயிலுக்குச் செலவழித்தவர் மாணிக்கவாசகர். அவருக்காக நரிகளைப் பரிகளாக்கி, பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படியும் வாங்கினார் சிவன் என்கிறது புராணம். அடியவருக்கு அது அருள். கஜானாக் கணக்கனைக் கேட்டிருந்தால்?

கணக்கன் பதில் புராணத்தில் இல்லை. அறந்தாங்கி மீன் கடையில் இருக்கிறது. தெரிந்தவர் வந்தால், தராசு நின்ற பிறகும் கைப்பிடி மத்தி கூடுதலாகப் பைக்குள் விழும். வாங்கியவருக்கு அது பிரியம். வரிசையில் அடுத்து நிற்பவர் வாயில் அதே பட்சம், முன்னால் இரண்டு எழுத்து சேர்ந்து வருகிறது: பாரபட்சம்.